கேதம் சொன்ன கம்ப்யூட்டர்

என் பெரியப்பாவின் உடல் நான்கு மணி நேரம் கூடுதலாக ஐஸ் பெட்டியில் கிடந்ததற்கு நான்தான் காரணம். எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் என் வாயால் நான் இதுவரை முழுசாகச் சொன்னதில்லை. கல்யாண வீட்டிலோ பதினாறாம் நாள் சாப்பாட்டிலோ யாராவது இந்தக் கதையை எடுத்தால், பக்கத்தில் நின்று அசட்டுச் சிரிப்புச் சிரிப்பதோடு சரி. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் தாணு. அப்போது இருபத்தைந்து வயது. தக்கலைக்குப் பக்கத்தில், நாலாபக்கமும் வயல் சூழ்ந்த ஒரு ஊர் எங்களுடையது. திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் ஜாவா புரோக்ராம் எழுதிக்கொண்டிருந்தேன். தினமும் பஸ்ஸில் போய்வருவேன். களியக்காவிளை நெரிசலில் பஸ் நகராமல் நிற்கும் அரை மணி நேரமும் ஊரை எப்படி முன்னேற்றுவது என்று யோசிப்பேன். (ஜன்னலோர சீட்டு கிடைத்த இருபத்தைந்து வயதுக்காரன் வேறு எதை யோசிப்பான்?)

கம்பெனியில் என் வேலை, ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் செய்தியை இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதற்கென்றே ஜாவாவில் ஒரு கட்டமைப்பு உண்டு. எந்த விலாசத்துக்கு, அங்கே போர்ட் என்கிற எந்த வாசலுக்கு, எந்த வழியில் என்று வரிவரியாக எழுதிக் கொடுத்துவிட்டால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். வழி இரண்டு. ஒன்று டிசிபி. அது போன் பேசுவது மாதிரி. மணி அடிக்க வேண்டும், அந்தப் பக்கம் எடுக்க வேண்டும், சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொண்டுதான் அடுத்த வார்த்தை. மற்றது யுடிபி. அது தேர்தல் ஜீப்பில் மைக் கட்டிப் பேசிக்கொண்டே போவது மாதிரி. கேட்டவன் கேட்டான், கேட்காதவனைப் பற்றி ஜீப்புக்குக் கவலை இல்லை. இவ்வளவுதான் விஷயம். இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் தன் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்த முடியும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

இனி எங்கள் ஊர் வழக்கம். சாவுச் செய்தியை எங்கள் பக்கத்தில் கேதம் என்போம். கேதத்தை ஆள் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லப் போகிறவர் சொந்தக்காரர் வீட்டு முற்றத்தில் செருப்பைக் கழற்றாமல் நிற்பார். இன்னார் தவறிப்போனார், இன்ன நேரத்துக்கு எடுக்கிறோம் என்பார். தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். போய்விட்டு வருகிறேன் என்று சொல்லாமல் திரும்பி நடப்பார். சொன்ன வீட்டிலிருந்து வருவார்கள். சொல்லாத வீட்டிலிருந்து வர மாட்டார்கள். அழுகைச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில் இருந்தாலும் வர மாட்டார்கள். அப்புறம் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது.

எங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே அப்படி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பழனி பெரியப்பா, என் அப்பாவின் அண்ணன். பெரியம்மாவுக்கு ஒரே ஒரு தம்பி, நீலகண்டன் மாமா. தபால்காரராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஊரின் தெற்கே, வயலுக்குத் தண்ணீர் போகும் சானலைத் தாண்டி அவர் வீடு. பெரியப்பா புது வீட்டுக்குப் பால்காய்ச்சு வைத்தபோது, வேலை மும்முரத்தில் மச்சினனை நேரில் போய் அழைக்காமல், அந்தப் பக்கம் போன ஒருவர் கையில் அழைப்பைக் கொடுத்தனுப்பிவிட்டார். மாமா வரவில்லை. அதோடு முடிந்தது. எட்டு வருடம் பெரியம்மா தன் தம்பியைக் கோவில் கொடைத் திருவிழாவில் தூரத்திலிருந்து பார்ப்பதோடு சரி. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும்தான் செய்தேன்.

செய்தது இதுதான். ஊர்ச் சமுதாயக் கூடத்தில் ஒரே ஒரு குழாய் ஸ்பீக்கர் இருந்தது. அதில் சொல்வது பாதித் தெருவுக்குக் கேட்காது. நான் ஒரு திட்டத்தோடு போனேன். ஏழு தெருவுக்கும் ஏழு குழாய் ஸ்பீக்கர். ஒவ்வொன்றின் அடியிலும் உள்ளங்கை அளவில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. கூடத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில் செய்தியைத் தட்டினால், கேபிள் கம்பி வழியாக ஏழு பெட்டிக்கும் போய், ஒரு பெண் குரல் அதைப் படிக்கும். தண்ணீர் திறப்பது, ரேஷன், கோவில் விசேஷம், கேதம் எல்லாம் ஒரே நொடியில். சமுதாயத் தலைவர் தங்கப்பன் அண்ணனுக்குப் பாதி புரிந்தது. மீதியைப் புரிந்ததாக வைத்துக்கொண்டு சம்மதித்தார்.

முழுசாக நம்பியது பழனி பெரியப்பா ஒருவர்தான். நான் கம்பி இழுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதயத்தில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர். வெயிலில் நிற்க வேண்டாம் என்றால் கேட்க மாட்டார். ஏழாவது ஸ்பீக்கரை நீலகண்டன் மாமா வீட்டு மதில் தூணில் கட்ட வேண்டியிருந்தது. அன்றைக்கு மட்டும் பெரியப்பா சானல் பாலத்தில் நின்றுகொண்டார். மாமா ஊர்க்காரியம் என்பதால் மறுக்கவில்லை. தூணில் நான் ஆணி அடிக்கும்போது, "அக்கா சொகமா இருக்காளாடே?" என்று மட்டும் கேட்டார். சுகம்தான் என்றேன்.

முதல் பரீட்சை ஒரு ஞாயிறு காலையில். ஊர் கூடியிருந்தது. பொறுப்புள்ள பையனாக டிசிபியில்தான் எழுதியிருந்தேன். ஏழு பெட்டிக்கும் இணைப்பு கிடைத்தது. "ஊர்ப் பொதுமக்களுக்கு வணக்கம்" என்று தட்டி அனுப்பினேன். ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து நிமிடம் போயிற்று. காக்கை கத்தியது தெளிவாகக் கேட்டது. (பிறகுதான் கண்டுபிடித்தேன். டிசிபியில் செய்தி தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும், எங்கே முடிகிறது என்று ஒரு அடையாளம் வைக்க வேண்டும். என் பக்கம் ஒரு அடையாளம் வைத்திருந்தேன், பெட்டியோ வேறொன்றை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தது. பதில் வரும்வரை என் புரோக்ராமும் உட்கார்ந்திருந்தது. எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும், அதையும் எழுதவில்லை.)

தங்கப்பன் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஏலே தாணு, ஆளு செத்து, எரிச்சு, சாம்பலும் கரைச்ச பொறவு சொல்லுமோ இது?"

ஊர் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. பெரியப்பா மட்டும், "மொதத் தடவைலா, சும்மா இருங்கடே" என்றார்.

அந்த அவமானத்தை என்னால் தாங்க முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து டிசிபியை எடுத்துவிட்டு யுடிபிக்கு மாற்றினேன். யுடிபியில் ஒரு செய்தி என்றால் ஒரு பொட்டலம், முடிவு அடையாளம் தேவையில்லை. ஏழு விலாசத்தை எழுதும் பொறுமையும் போய்விட்டது. எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு விலாசம் போட்டேன். அந்தக் கட்டமைப்பில் யுடிபிக்கு ஒரு நல்ல வசதி உண்டு. பதில் வேண்டும் என்று ஒரு வரியில் குறித்து, பெட்டியிலும் அதற்குத் தகுந்த மாதிரி எழுதினால், பெட்டி 'கிடைத்தது' என்று திருப்பிச் சொல்லும். சொல்லாவிட்டால் தவறு என்று காட்டும். அந்த வரியை நாம் எழுதாவிட்டால் பதில் வேண்டாம் என்று அதுவே எடுத்துக்கொள்ளும். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அனுப்பினேன். அடுத்த நொடி தெருக்கள் அதிர்ந்தன. ஊர் கைதட்டியது. கூடத்திலிருந்து மூன்று தெரு ஸ்பீக்கர் என் காதில் விழுந்தது. மூன்று கேட்டால் ஏழும் கேட்டதாகத்தான் அர்த்தம் என்று முடிவு செய்தேன். அதோடு விட்டேனா? திரையில் ஏழு தெருவின் பெயரையும் எழுதி, செய்தி புறப்பட்டவுடன் ஒவ்வொன்றுக்கும் எதிரே பச்சை டிக் விழுகிற மாதிரி செய்தேன். போய்ச் சேர்ந்ததற்கு டிக் கிடையாது, புறப்பட்டதற்குத்தான் டிக். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சில நாளில் எனக்கே மறந்தும் போயிற்று.

அந்தப் பெண் குரலுக்கு ழகரம் வராது. எங்கள் ஊரில் கைக்குழந்தைகூட அதைச் சுத்தமாகச் சொல்லும். "கிழக்குத் தெரு" என்று தட்டினால் "கிலக்குத் தெரு" என்பாள். பெரியப்பா இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார். ஒரு நாள் கேட்டார்:

"எனக்க கேதத்தையும் இவதான் சொல்லுவாளாடே?"

"சும்மா இருங்க பெரியப்பா."

"சொல்லட்டும். பேரை மட்டும் சரியாச் சொல்லப் படிச்சுக் குடு மக்கா. பலனின்னு சொன்னா எனக்கே ஆளு தெரியாது."

மூன்று வாரம்தான் போயிருக்கும். ஒரு காலையில் ஆறு மணிக்கு, கட்டன்சாயா டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நாங்கள் ஓடிப்போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. என்னை ஒரு நாளும் கடிந்து பேசாத மனிதர். பரீட்சையில் நான் தோற்றபோது அப்பாவின் அடியிலிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனவர். அன்றைக்கு நான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

எட்டரை மணிக்குப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். வெளியூரிலிருந்து வர வேண்டியவர்கள் யாரும் இல்லை. பன்னிரண்டு மணிக்கு எடுப்பது என்று முடிவாயிற்று. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினார்.

"எங்கப்பா?" என்றேன்.

"கேதம் சொல்லண்டாமா? மொதல்ல நீலகண்டனுக்க வீட்டுக்குப் போறேன். அவன் கோடி கொண்டு வந்தாத்தான் எடுக்க முடியும்."

புருஷன் இறந்தால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அது வந்து, அவள் தோளில் போட்ட பிறகுதான் உடலை எடுப்பது. பெரியம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது அந்த ஒரு தம்பிதான்.

"நீங்க அலையாதீங்க" என்றேன். "ஸ்பீக்கர்ல ஒரே நேரத்துல எல்லாருக்கும் சொல்லிரலாம். அவருக்க மதில்லதான் ஒண்ணு இருக்கே."

"நேர போய்ச் சொல்லுகதுதானே மொறை?"

"அப்பா, ஊரே அங்கீகரிச்ச சிஸ்டம்."

துக்கத்தில் இருந்த அப்பாவுக்கு என்னோடு வாதாடத் தெம்பில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் கூடத்துக்கு ஓடினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே பெரியப்பாவின் பெயரைத் தட்டினேன். ழகரத்தைச் சரிசெய்ய நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. "பலனி அவர்கள் இயற்கை எய்தினார்" என்று குரல் தெருத்தெருவாக அறிவித்தது. திரையில் வரிசையாக ஏழு பச்சை டிக் விழுந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு பெருமிதம் எட்டிப்பார்த்தது. பெரியப்பா செத்துக் கிடக்கும்போது பெருமிதம். அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

பன்னிரண்டு ஆயிற்று. எல்லோரும் வந்தார்கள். நீலகண்டன் மாமா வரவில்லை.

பன்னிரண்டரை. ஒன்று. வெட்டியான் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பெண்கள் கிசுகிசுக்கத் தொடங்கினார்கள். பெரியம்மா உடலின் தலைமாட்டில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரை மணிக்கு ஒரு பெரியவர், பிறந்த வீட்டுக்குப் பதிலாக வேறு யாராவது கோடி போடட்டுமா என்று மெதுவாகக் கேட்டார்.

பெரியம்மா தலையைத் தூக்கினார்.

"எனக்க தம்பி வராம இவரை எடுக்கப்பிடாது. அவன் வரமாட்டேன்னு சொன்னானா? யாரு போய்ச் சொன்னா?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார். எட்டு வருடப் பிணக்கு இந்தச் சாவோடு தீரும் என்று பெரியம்மா நம்பியிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமா வராவிட்டால் அது இனி எப்போதும் தீராது.

"ஏழுக்கும் போயாச்சு பெரியம்மா. டிக் இருக்கு" என்றேன்.

அந்தச் சூழ்நிலையில் ஒரு மனிதன் சொல்லக்கூடிய மிக மட்டமான வாக்கியம் அதுதான். தங்கப்பன் அண்ணன் என் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே கொண்டுவந்து, ஸ்கூட்டர் சாவியைக் கையில் திணித்து, "போலே. நாலு மணிக்கு எடுக்கோம்னு சொல்லு" என்றார்.

சானல் பாலத்தைத் தாண்டும்போதே அவரைப் பார்த்துவிட்டேன். மதில் தூணுக்குக் கீழே, எங்கள் ஏழாவது ஸ்பீக்கருக்கு நேர் அடியில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மாமா உட்கார்ந்திருந்தார். குளித்து, வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். மடியில் ஒரு பை. பக்கத்தில் அவர் மகன் கண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். ஸ்கூட்டரை நிறுத்தினேன். வா என்று மாமா சொல்லவில்லை.

"என்ன விசேசம்?" என்றார்.

"ஸ்பீக்கர்ல சொன்னோமே மாமா."

(முதல் வாக்கியம் இதுவாக இருந்திருக்கக் கூடாது. ஆனால் அன்றைக்கு என் வாயிலிருந்து உருப்படியாக ஒன்றும் வருவதாக இல்லை.)

மாமா அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். ஸ்பீக்கர் வாயைத் திறந்துகொண்டு சும்மா இருந்தது.

"இதுவா? மூணு வாரமா இது ஒரு வார்த்த பேசல்ல. ஊமைன்னுலா நெனச்சேன்."

"இல்ல மாமா, எல்லாத்துக்கும் போச்சு. ஸ்க்ரீன்ல டிக் விழுந்துது."

"டிக்கை யாரு போட்டா?"

"புரோக்ராம்... நான்தான்."

"வாங்கினவன் போடணுமா, குடுத்தவன் போடணுமா?"

நான் தூணைப் பார்த்தேன்.

"முப்பத்தாறு வருசம் போஸ்ட்மேனாக்கும் நான். ரெஜிஸ்டர் தபாலைக் கொண்டு போய், வீட்டுல ஆள் இருக்கா இல்லியான்னு பாராம, நானே கையெழுத்தும் போட்டுட்டு வந்திருந்தா எனக்க வேல அன்னைக்கே போயிருக்கும். கையெழுத்து வாங்கினியாலே நீ?"

இல்லை என்று தலையாட்டினேன். அப்போதுதான் அவர் மடியில் இருந்த பையைக் கவனித்தேன். தக்கலை ஜவுளிக்கடைப் பை. வாயருகே புதுச் சேலையின் கரை தெரிந்தது.

"மாமா, இது எப்ப..."

"ஒம்பதரைக்கு. அக்கரையில இருந்து காத்துல சத்தம் வந்துது. யாரோ பலனி செத்துட்டானாம். ஊருல அப்பிடி ஒருத்தன் இல்லியேன்னு நெனச்சேன். ரெண்டாந்தடவை கேட்டப்பம் அத்தான்னு புரிஞ்சுபோச்சு. இவனைக் கடைக்கு அனுப்பினேன். நான் குளிச்சேன். அப்பம் தொட்டு இஞ்சயே இருக்கேன்."

"தெரிஞ்சும் ஏன் மாமா வரல்ல?"

"சொல்லாம எப்பிடிலே வர?" என்றார். குரல் உடைந்துவிட்டது. "எனக்க அக்கா அங்க தாலியறுத்து இருக்கா. நான் இஞ்ச கோடியை மடியில வச்சிட்டு ரோட்டைப் பாத்துட்டு இருக்கேன். நாலரை மணி நேரம். ஒரு ஸ்கூட்டர் சத்தம் கேட்டாக்க எந்திரிப்பேன். பொறவு இருப்பேன். ஒருத்தன் வந்து ஒரு வார்த்த சொல்லப்பிடாதா மக்கா?"

அழுத முகத்தை அவர் துடைக்கவில்லை. எனக்கும் அழுகை வந்தது. நான் செருப்பைக் கழற்றாமல், முற்றத்தில் நேராக நின்றேன்.

"மாமா, பழனி பெரியப்பா காலத்த ஆறு மணிக்குத் தவறிப்போனாவ. நாலு மணிக்கு எடுக்கோம்."

அவர் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"கேட்டாச்சு" என்றார். "வண்டியை எடு."

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, ஒரு கையால் பையையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு வந்தார். கண்ணன் சைக்கிளில் பின்னால் வந்தான். முற்றத்தில் கூட்டம் வழிவிட்டது. தம்பியைக் கண்டதும் பெரியம்மா, "வந்தியாடே" என்று ஒரு குரல் எடுத்தார். எட்டு வருடத்தையும் சேர்த்து அழுதார்கள். மாமா கோடியைப் போட்டார். பிறகு பெரியப்பாவின் கால்மாட்டில் குனிந்து, "அத்தான், எனக்கு இப்பத்தான் சொன்னாவ" என்று சொன்னார். நான்கு மணிக்கு எடுத்தோம்.

மறுநாள் போய்க் காரணத்தைக் கண்டுபிடித்தேன். ஆறு தெருவும் கூடத்தோடு ஒரே கம்பியில் இருந்தன. சானலுக்கு அக்கரையில் கம்பி எட்டாது என்று நானே அங்கே தனி வலைப்பின்னலாக ஒரு ரவுட்டர் வைத்திருந்தேன். எல்லோருக்கும் பொதுவாகப் போட்ட அந்த ஒற்றை விலாசம் ரவுட்டரைத் தாண்டாது. கல்லூரியில் இரண்டாம் வருடப் பாடம் அது. நான் அதில் நல்ல மார்க் வாங்கியிருந்தேன். ஏழு விலாசத்தையும் தனித்தனியாக எழுதினேன். பதில் வேண்டும் என்ற வரியை எழுதினேன். பெட்டிகளுக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொடுத்தேன். டிக்கை அழித்துவிட்டு, பெட்டி பதில் சொன்னால்தான் விழுகிற மாதிரி வைத்தேன். தங்கப்பன் அண்ணன் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

"இதெல்லாம் செய்ய எவ்வளவு நேரம் ஆச்சு?" என்றார்.

"ரெண்டு மணிக்கூர் அண்ணே."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பதினாறாம் நாள் சாப்பாட்டில் மாமா என் இலைக்கு எதிரே வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். பதிவுத் தபாலோடு போய், வாங்கியவர் கையெழுத்தோடு திரும்பி வரும் ஒப்புகை அட்டை. வேலையில் இருந்த காலத்தில் மிச்சமானது ஒரு கட்டு வீட்டில் கிடந்ததாம். அதில் 'பாயசம்' என்று எழுதியிருந்தார்.

"பாயசம் வந்தாச்சா? அப்பம் கையெழுத்துப் போடு."

இலை முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியம்மாகூடச் சிரித்தார். பெரியப்பா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதனால் போட்டேன்.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. கண்ணன் கல்யாணத்துக்கு மாமா எங்கள் வீட்டுக்கு நேரில் வந்து அழைத்தார். என்னிடம் மட்டும் அட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். என் கல்யாணத்தில் மணமேடைக்கே கொண்டுவந்தார், 'மணப்பெண், ஒன்று' என்று எழுதி. என் மனைவி அன்றைக்கு மிரண்டுபோனாள். இப்போது அவள்தான் மோசம். கடையில் புளி வாங்கச் சொன்னால்கூட, "கேட்டாச்சா? வாயால சொல்லுங்க" என்கிறாள். இன்றைக்கு நான் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறேன். எனக்குக் கீழே முப்பது பேர். ஆனால் ஊரில் ஒரு சாவு என்றால், ஸ்பீக்கரில் அறிவித்து, ஏழு பெட்டியும் பதில் சொல்லி முடித்த பிறகும், யாராவது ஒருவர் சொல்வார்: "மெசின் சொல்லியாச்சு. இனி தாணு போய்ச் சொல்லட்டும்." ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவேன். செருப்பைக் கழற்ற மாட்டேன். தண்ணீர் குடிக்க மாட்டேன்.

போன வருடம் ஒரு மத்தியானம், வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் கண்ணன் வந்து நின்றான். செருப்பைக் கழற்றவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"அத்தான், அப்பா தவறிப்போனாவ. நாளைக்குக் காலத்த பத்து மணிக்கு எடுக்கோம்."

தலையை மட்டும் ஆட்டினேன். சொல்லிவிட்டுத் திரும்பி நடக்க வேண்டியவன் நடக்காமல் நின்றான். சட்டைப் பையில் கையைவிட்டு ஒரு ஒப்புகை அட்டையை எடுத்து நீட்டினான். அனுப்புபவர் இடத்தில் மாமாவின் நடுங்கும் கையெழுத்தில் அவர் பெயர். பெறுபவர் இடத்தில் 'தாணு'. விவரம் என்ற இடத்தில் 'கேதம்'.

"ஆசுவத்திரிக்குப் போவதுக்கு முன்னால எழுதித் தந்தாவ" என்றான் கண்ணன். "மத்த வீட்டுல எல்லாம் சொன்னாப் போரும், தாணுக்கிட்ட மட்டும் கையெழுத்து வாங்காம வரப்பிடாதுன்னு சொன்னாவ."

சொல்லிவிட்டு அவன் அழுதான். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு நானும் அழுதேன். மேசையில் இருந்த பேனாவை எடுத்து, அட்டையை வாசற்படியில் வைத்து, கையெழுத்துப் போட்டேன்.

"கேட்டாச்சு" என்றேன்.

கண்ணன் அட்டையை வாங்கி, கையெழுத்தைச் சரிபார்த்து, பையில் வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்குக் கேதம் சொல்லப் போனான்.